ஃப்யூயல் செல் ஆய்வுக்கு அரசு நிதி வாங்குவது எப்படி: படிப்படியான முழு வழிகாட்டி

"படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று நண்பர்கள் அனுப்பும் விண்ணப்ப வரைவுகளில் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும்: "தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு அரசு ரூ.19,744 கோடி ஒதுக்கியிருக்கிறது. அதிலிருந்து எங்கள் ஃப்யூயல் செல் திட்டத்துக்கு நிதி கோருகிறோம்." கோரலாம், தப்பில்லை. ஆனால் அந்த 19,744 கோடி எப்படிப் பிரிந்து கிடக்கிறது என்று பார்த்துவிட்டுக் கோர வேண்டும்.

2023 ஜனவரி 4 அன்று மத்திய அமைச்சரவை இந்த இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. மொத்தத்தில் 17,490 கோடி 'சைட்' என்ற ஊக்கத்தொகைத் திட்டத்துக்குப் போகிறது. மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் எலக்ட்ரோலைசர் கருவி செய்கிறவர்களுக்கும் பசுமை ஹைட்ரஜன் தயாரிக்கிறவர்களுக்கும் உரிய பணம் அது. முன்னோடித் திட்டங்களுக்கு 1,466 கோடி. ஆய்வுக்கும் மேம்பாட்டுக்கும் 400 கோடி. மிச்சம் 388 கோடி இதர வேலைகளுக்கு. ஆக, பந்தியில் தலைவாழை இலை ஹைட்ரஜன் செய்கிறவருக்கு. அந்த ஹைட்ரஜனைத் தின்று மின்சாரம் தரும் ஃப்யூயல் செல்லுக்கு ஓரத்தில் ஓர் இடம். அங்கேயும் சேமிப்பு, பாதுகாப்பு, எலக்ட்ரோலைசர் ஆய்வு எல்லாவற்றோடும் தோள் இடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

பாடப்புத்தகத்தில் எரிபொருள் மின்கலன் என்று இருக்கும். லேபில் எல்லாரும் ஃப்யூயல் செல் என்றுதான் சொல்கிறோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். கல்லூரி ஆசிரியர், ஆய்வு மாணவர், புதிதாக ஸ்டார்ட்அப் தொடங்கியவர், சிறு தொழிற்கூடம் வைத்திருப்பவர் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது இது. பெரிய நிறுவனங்களுக்கு இதற்கென்றே ஆட்கள் இருப்பார்கள்.

தொடங்குமுன் ஒரு எச்சரிக்கை. 2006-இல் வந்த தேசிய ஹைட்ரஜன் ஆற்றல் வரைபடம், 2020-க்குள் 10 லட்சம் ஹைட்ரஜன் வாகனங்களும் 1,000 மெகாவாட் ஹைட்ரஜன் மின்சாரமும் என்று இலக்கு வைத்தது. 2020 வந்து போனது. சாலையில் என்ன ஓடியது என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் விண்ணப்பத்தின் முதல் இரண்டு பக்கங்களை அரசு இலக்குகளை ஒப்பிப்பதில் செலவழிக்காதீர்கள். விண்ணப்பங்களை மதிப்பிடும் குழுவில் இருப்பவர்களில் சிலர் அந்தப் பழைய இலக்கை எழுதியபோதும் மேசையின் அந்தப் பக்கம் இருந்தவர்கள்.

படி 1: நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்?

எந்தத் திட்டத்தின் கதவைத் தட்டுவது என்பதை டி.ஆர்.எல். எனப்படும் தொழில்நுட்பத் தயார்நிலை எண்தான் தீர்மானிக்கிறது. 1 முதல் 9 வரை போகும் அந்த ஏணியை ஃப்யூயல் செல் மொழியில் இப்படிச் சொல்லலாம்.

வினையூக்கியோ சவ்வோ செய்து பீக்கரில் மின்வேதியியல் சோதனை பார்த்திருக்கிறீர்கள், 5 அல்லது 25 சதுர சென்டிமீட்டர் ஒற்றை செல்லில் ஒரு மின்னோட்ட-மின்னழுத்த வளைகோடு எடுத்திருக்கிறீர்கள் என்றால் 2, 3. பத்துப் பதினைந்து செல்களை அடுக்கி, சில நூறு வாட் எடுத்து, சில நூறு மணி நேரம் ஓட்டியிருந்தால் 4, 5. காற்று ஊதி, ஈரமூட்டி, குளிர்விப்பு, டி.சி. கன்வெர்ட்டர், கட்டுப்பாட்டுப் பலகை எல்லாம் சேர்த்து, ஒரு பொத்தானை அமுக்கினால் தானாகக் கிளம்பும் பெட்டியாக்கி வெளியே வெயிலில் வைத்திருந்தால் 6, 7. அதற்கு மேலே விற்பனைப் பொருள்.

இதில் எல்லாரும் செய்யும் தவறு, ஒற்றை செல்லைக் கையில் வைத்துக்கொண்டு 6 என்று எழுதுவது. குழு ஒரே ஒரு கேள்வி கேட்கும்: "எத்தனை மணி நேரம் ஓடியது?" நாற்பது மணி நேரம் என்று பதில் வந்ததும் எல்லாரும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். 3-இல் இருந்தால் 3 என்றே எழுதுங்கள். அந்தப் படிக்கும் பணம் இருக்கிறது.

படி 2: படிக்கு ஏற்ற கதவு

கீழ்ப்படியில் நிற்கும் ஆசிரியருக்கு முதல் கதவு அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, சுருக்கமாக ஏ.என்.ஆர்.எஃப். 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது, பழைய அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியமான எஸ்.இ.ஆர்.பி. இதற்குள் கரைந்துவிட்டது. புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்கான மானியம் தனியாக உண்டு. இங்கே கேள்வி அறிவியல் பற்றியதாக இருக்கும். சந்தை பற்றி யாரும் துருவ மாட்டார்கள். ஒரு நல்ல ஆய்வுக் கேள்வியும் அதற்கான சோதனைத் திட்டமும் போதும்.

அடுத்தது புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம், அதாவது எம்.என்.ஆர்.இ. இங்கே இரண்டு வழிகள். ஒன்று, அமைச்சகத்தின் வழக்கமான ஆய்வு மேம்பாட்டுத் திட்டம். அரசு மற்றும் லாப நோக்கற்ற ஆய்வு நிறுவனங்களுக்குச் செலவில் 100 சதவீதம் வரை கிடைக்கும். தொழில் நிறுவனம், ஸ்டார்ட்அப், தனியார் கல்வி நிறுவனம் என்றால் 50 முதல் 70 சதவீதம் வரை. தனியார் பொறியியல் கல்லூரிகளில் இருப்பவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும். மீதிப் பணத்துக்கு நிர்வாகம் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்தை விண்ணப்பம் போடுவதற்கு முந்தின நாள் மாலை கேட்டால் கிடைக்காது.

இரண்டாவது, ஹைட்ரஜன் இயக்கத்தின் ஆய்வுத் திட்டம். நான் சொன்ன 400 கோடி இதுதான். 2023 அக்டோபரில் ஆய்வு வரைபடம் வந்தது, 2024 மார்ச்சில் வழிகாட்டு நெறிமுறை வந்தது, முதல் சுற்றில் 23 திட்டங்களுக்கு ஒப்புதல் கிடைத்தது. வரைபடம் ஆய்வுகளை மூன்றாகப் பிரிக்கிறது: ஐந்து ஆண்டுக்குள் பலன் தரும் வேலை, எட்டு ஆண்டு வரை போகும் பெரும் சவால், பதினைந்து ஆண்டு வரை போகும் தூர யோசனை. உங்கள் திட்டம் எதில் சேரும் என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். 2025 செப்டம்பரில் ஸ்டார்ட்அப்களுக்கென்று தனியாக 100 கோடி ரூபாய்க்கு விண்ணப்ப அழைப்பு அறிவித்தார்கள், ஒரு திட்டத்துக்கு 5 கோடி வரை. இந்த அழைப்புகள் வரும், சில வாரங்களில் மூடும். அமைச்சகத்தின் தளத்தை வாரம் ஒருமுறை பார்க்கும் வேலையை உங்கள் குழுவில் ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள். அழைப்பு வந்த பிறகு எழுத ஆரம்பிக்கிறவர்கள் தோற்பார்கள், ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறவர்கள் திருத்தி அனுப்புவார்கள்.

ஸ்டார்ட்அப் என்றால் சிறிய தொகையில் தொடங்குவது நல்லது. அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதி-பிரயாஸ் மாதிரி செய்ய 10 லட்சம் வரை தரும். ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதி, புது நிறுவனங்களை வளர்த்துவிடும் இன்குபேட்டர்கள் வழியாக மாதிரிக்கு 20 லட்சம் வரை மானியமும் சந்தைக்குப் போக 50 லட்சம் வரை திரும்பச் செலுத்தும் வகையிலும் தருவதாக 2021-இல் தொடங்கியது. உங்கள் இன்குபேட்டரிடம் நிதி மிச்சம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பதிவு செய்தவர்களுக்கு மாநில அரசின் ஸ்டார்ட்அப் டி.என். அமைப்பு நடத்தும் டான்சீட் விதை நிதி உண்டு. பொதுவாக 10 லட்சம், பசுமைத் தொழில்நுட்பத்துக்கும் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கும் 15 லட்சம். பதிலுக்குச் சிறு பங்கு எடுத்துக்கொள்வார்கள், ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

பத்து லட்சத்தில் ஃப்யூயல் செல் அடுக்கு செய்ய முடியுமா என்று கேட்பீர்கள். முழுசாக முடியாது. ஆனால் அந்தப் பத்து லட்சத்தில் எடுத்த 300 மணி நேரத் தரவு, ஐந்து கோடிக்கான விண்ணப்பத்தில் மற்ற எல்லாப் பக்கங்களையும் விட அதிகமாகப் பேசும்.

படி 3: கூட்டாளியைப் பிடிப்பது

இந்த ஆய்வில் ஒண்டியாகப் போய் ஜெயித்தவர்கள் குறைவு. நம் நாட்டில் நடந்த ஒரு நல்ல உதாரணத்தைப் பாருங்கள். மத்திய அரசின் ஆய்வகங்களை நடத்தும் சி.எஸ்.ஐ.ஆர். அமைப்புக்கு நிமிட்லி என்று ஒரு திட்டம் உண்டு, அரசு ஆய்வகமும் தனியார் நிறுவனமும் சேர்ந்து செய்வதற்கு. 2016-இல் புனே தேசிய வேதியியல் ஆய்வகமும் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சி.இ.சி.ஆர்.ஐ.யும் வாகன மென்பொருள் செய்யும் கே.பி.ஐ.டி. நிறுவனத்தோடு அதில் சேர்ந்தன. இலக்கு, காருக்கான 10 கிலோவாட் ஃப்யூயல் செல் அடுக்கு. 2020 அக்டோபரில்தான் அது காரில் ஏறி ஓடியது. ஐந்து பேர் உட்காரும் பேட்டரி கார் ஒன்றை மாற்றி அமைத்து, 350 பார் அழுத்தத்தில் 1.75 கிலோ ஹைட்ரஜன் பிடிக்கும் தொட்டியை வைத்தார்கள். 2022 ஆகஸ்டில் அதே கூட்டணியின் பேருந்து வந்தது. அப்புறம் படகு. கொச்சி கப்பல் கட்டும் தளம் கட்டிய 50 பேர் போகும் ஃப்யூயல் செல் படகை 2024 பிப்ரவரி 28 அன்று பிரதமர் தூத்துக்குடியில் இருந்து காணொளி வழியே தொடங்கிவைத்தார். அதிலும் கே.பி.ஐ.டி. கூட்டாளி.

இதில் கவனிக்க வேண்டியது கால அளவு. பல பத்தாண்டு மின்வேதியியல் அனுபவம் உள்ள ஆய்வகங்களே 10 கிலோவாட்டைக் காரில் ஏற்ற நான்கு ஆண்டு எடுத்துக்கொண்டன. அதே அளவு வேலைக்கு உங்கள் விண்ணப்பத்தில் 18 மாதம் என்று இருந்தால் பேனாவை எடுத்து மாற்றுங்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குக் கூட்டாளிகள் பக்கத்திலேயே இருக்கிறார்கள், அது ஒரு வசதி. சென்னை தரமணியில் ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவுக்குள் மத்திய அரசின் பொருளறிவியல் ஆய்வு அமைப்பான ஏ.ஆர்.சி.ஐ.யின் ஃப்யூயல் செல் மையம் இருக்கிறது. நாட்டில் இதற்கென்றே இயங்கும் சில இடங்களில் அதுவும் ஒன்று. காரைக்குடியில் சி.இ.சி.ஆர்.ஐ., அதற்குத் தரமணியிலும் ஒரு பிரிவு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்ததால் காரைக்குடிக்கு வந்த ஆய்வகம் அது. செட்டிநாட்டில் மின்வேதியியல் எப்படி முளைத்தது என்று வியப்பவர்களுக்காகச் சொல்கிறேன். தையூரில் ஐ.ஐ.டி.யின் இன்னொரு வளாகத்தில் ஹூண்டாய் 180 கோடி ரூபாய் அறிவித்த ஹைட்ரஜன் மையம். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். ஹைட்ரஜன் ரயில் பெட்டியைச் சோதித்தது 2025 ஜூலையில்.

கூட்டாளி கிடைத்ததும் ஒரு விஷயத்தைக் கூச்சப்படாமல் பேசிவிடுங்கள்: காப்புரிமை யாருக்கு? ஏற்கெனவே உங்களிடம் இருந்தது எது, இந்தத் திட்டத்தில் புதிதாகப் பிறப்பது எது என்று இரண்டு பத்தி எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போதுதான் இது எளிது. நல்ல அடுக்கு ஒன்று ஓடத் தொடங்கி, ஒரு முதலீட்டாளரும் வாசலில் வந்து நின்ற பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் யாருமே முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

படி 4: செலவுப் பட்டியல், குறிப்பாக காஸ்

இந்தப் படியில் கொஞ்சம் நிற்கிறேன். வரைவுகள் அதிகம் ஓட்டையாவது இங்கேதான்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கிலோ ஹைட்ரஜனில் சுமார் 33 யூனிட் ஆற்றல். ஃப்யூயல் செல் அதில் பாதியை மின்சாரமாக்குகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு யூனிட்டுக்கு 60 கிராம். ஒரு கிலோவாட் அடுக்குக்குப் பருமனில் சொன்னால் மணிக்கு சுமார் 670 லிட்டர், நிமிடத்துக்கு 11 லிட்டர். லேபுக்கு வரும் பெரிய சிவப்பு சிலிண்டரில் ஏறத்தாழ 7 கன மீட்டர் இருக்கும். ஆக, ஒரு கிலோவாட் அடுக்கு ஒரு சிலிண்டரைப் பத்து மணி நேரத்தில் காலி செய்துவிடும்.

சரி, நீங்கள் 1,000 மணி நேர ஆயுள் சோதனை செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு 100 சிலிண்டர். ஒரு நாளைக்கு இரண்டரை சிலிண்டர் மாற்ற வேண்டும், இரவு இரண்டு மணிக்கும். ஆனால் பட்டியலில் "வாயுக்கள், இதர நுகர்பொருட்கள்" என்று ஒரே வரியில் ஒரு சின்னத் தொகை இருக்கும்! சப்ளையரிடம் விலை கேட்டு நூறால் பெருக்குங்கள், வாடகையும் வண்டிக் கூலியும் தனி. பெருக்கிப் பார்த்ததும் ஆயுள் சோதனையை 100 வாட் சிறு அடுக்கில் செய்து, பெரிய அடுக்கைச் சில பத்து மணி நேரம் மட்டும் காட்டலாம் என்று உங்களுக்கே தோன்றும். அப்படிச் செய்தால் பத்து சிலிண்டரில் முடிந்துவிடும். இந்தக் கணக்கை விண்ணப்பத்திலேயே காட்டினால், இவர்கள் அடுக்கை நிஜமாக ஓட்டியவர்கள் என்று குழுவுக்குப் புரியும்.

காஸின் தூய்மையையும் எழுதுங்கள். வாகன ஃப்யூயல் செல்லுக்கான உலகத் தரம் 99.97 சதவீதம் கேட்கிறது, கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் 0.2 பங்குக்கு மேல் கூடாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று தொழிற்சாலைத் தர ஹைட்ரஜனைச் செருகினால் வினையூக்கியான பிளாட்டினம் சில மணி நேரத்தில் மூச்சுமுட்டி உட்கார்ந்துவிடும்.

எங்கள் லேபில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தீபாவளி வாரத்தில் சோதனை அறுநூறாவது மணியைத் தாண்டியிருந்தது. வர வேண்டிய சிலிண்டர்கள் வரவில்லை, சப்ளையர் தொலைபேசியை எடுக்கவில்லை. கடைசி சிலிண்டரின் அழுத்தம் இறங்கிக்கொண்டே வந்ததை முள்ளில் பார்த்துக்கொண்டு நின்றோம். நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்கிய அடுக்கின் தரவு, தொடர்ந்து ஓடிய அடுக்கின் தரவு ஆகாது. அந்த அறுநூறு மணி நேரம் அப்படியே போனது. அதற்கு அப்புறம் எந்தப் பட்டியலிலும் இரண்டு சப்ளையர்கள், ஒரு வாரக் கையிருப்பு என்று எழுதாமல் விட்டதில்லை.

பட்டியலில் மறந்துபோகும் மற்றவை: ஹைட்ரஜன் உணரிகள், கூரையை ஒட்டிக் காற்றுப் போக்கி, மின்சாரம் போனால் தானாக நைட்ரஜனை உள்ளே அனுப்பும் வால்வு, அதற்கு யு.பி.எஸ். ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் பற்றும், பகலில் அதன் சுடர் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. சிலிண்டர் வால்வின் மரை இடப்பக்கம் சுற்றுவது; புதுப் பையன் ஒருவன் சாதாரண ஸ்பேனரைப் போட்டு எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து எனக்கு வயிற்றில் புளி கரைத்தது. பயிற்சிச் செலவையும் சேருங்கள்.

சோதனை நிலையம் இறக்குமதி என்றால் டாலர் விலையில் பத்து சதவீதம் கூட்டிப் போடுங்கள். மாறாக, கிராஃபைட் தகடுகளில் பாதை வெட்டும் வேலையை கோவைப் பட்டறைகளில் செய்துகொள்ள முடியும். 'உள்நாட்டுப் பங்கு எவ்வளவு' என்ற கேள்விக்கு இது நல்ல பதிலாகவும் அமையும்.

படி 5: எழுதுவது

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். "உலகத்தரம் வாய்ந்த, விலை குறைந்த, உறுதியான ஃப்யூயல் செல்லை உருவாக்குவதே எங்கள் நோக்கம்." இதில் பிழை ஒன்றும் இல்லை, விஷயமும் ஒன்றும் இல்லை.

இப்போது இது: "18-ஆம் மாத முடிவில், 50 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள 10 செல்கள் கொண்ட அடுக்கு, 30 ஆம்பியரில் செல்லுக்கு 0.65 வோல்ட் வீதம் சுமார் 200 வாட் தரும். 500 மணி நேரத்தில் மின்னழுத்த இழப்பு 5 சதவீதத்துக்குள் இருக்கும். இல்லாவிட்டால் அடுத்த கட்டத்துக்குப் போகாமல் சவ்வை மாற்றுவோம்." கடைசி வாக்கியம்தான் முக்கியம். தோற்றால் என்ன செய்வீர்கள் என்று நீங்களே எழுதிவிட்டால் குழுவுக்குப் பாதி வேலை மிச்சம்.

ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் பிளாட்டினம், எத்தனை ஆம்பியர், மணிக்கு எத்தனை மைக்ரோவோல்ட் இறக்கம் ஆகிய மூன்றும் இல்லாமல் ஒரு அட்டவணையும் போகக் கூடாது. பக்கத்திலேயே இன்று சந்தையில் இருக்கும் பொருளின் எண்ணையும் போடுங்கள், உங்கள் எண் குறைவாக இருந்தாலும்.

அப்புறம், யார் வாங்குவார்கள்? டி.ஆர்.எல். 5-க்கு மேலே போனால் பயன்படுத்தப்போகிறவரின் கடிதம் வேண்டும். "இந்தத் திட்டம் சிறப்பானது, வாழ்த்துகிறோம்" என்ற கடிதம் வேண்டாம். "மாதிரி தயாரானால் எங்கள் டெலிபோன் கோபுரத்தில் மூன்று மாதம் வைத்துப் பார்ப்போம், இடமும் ஆளும் தருவோம்" என்ற கடிதம் வேண்டும்.

நேரில் விளக்கச் சொல்வார்கள், பெரும்பாலும் பத்து நிமிடம். பருவநிலை மாற்றம் பற்றிய படத்தை எடுத்துவிடுங்கள். முதல் படமே உங்கள் அடுக்கின் புகைப்படமாகவும் அதன் வளைகோடாகவும் இருக்கட்டும். சென்னை மாதிரி ஊரில் 40 டிகிரி வெயிலில் காற்றால் குளிரும் அடுக்கு எப்படி நடந்துகொள்ளும் என்று கண்டிப்பாக ஒருவர் கேட்பார். குளிர் அறையில் எடுத்த தரவை மட்டும் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

படி 6: காகிதங்கள்

இது அலுப்பான பகுதி, சுருக்கமாக முடிக்கிறேன். நிறுவனம் என்றால் ஸ்டார்ட்அப் என்று மத்திய அரசின் டி.பி.ஐ.ஐ.டி. துறை தரும் அங்கீகாரம், சிறு தொழில்களுக்கான உதயம் பதிவு, தணிக்கை செய்த கணக்குகள். கொஞ்சம் வளர்ந்த நிறுவனம் என்றால் உள் ஆய்வுப் பிரிவுக்கு மத்திய அறிவியல், தொழில் ஆய்வுத் துறையான டி.எஸ்.ஐ.ஆர். அங்கீகாரம் பெற்றுவிடுங்கள், பிற்பாடு பல இடங்களில் கைகொடுக்கும். இதே வேலைக்கு வேறு எங்கும் பணம் வாங்கவில்லை என்ற உறுதிமொழி. ஹைட்ரஜனைச் சேமித்து வைப்பதற்கு வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் விதிகள். வாகனத்தில் ஏற்றும் எண்ணம் இருந்தால் ஃப்யூயல் செல் வாகனங்களுக்கென்று 2020-இல் அறிவிக்கப்பட்ட ஏ.ஐ.எஸ். 157 தரநிலையை இப்போதே படித்துவிடுங்கள், வடிவமைப்பு முடிந்த பிறகு படித்தால் தொட்டியின் இடத்தையே மாற்ற வேண்டி வரும். காப்புரிமைக் கட்டணத்தில் ஸ்டார்ட்அப்களுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் 80 சதவீதச் சலுகை உண்டு. கட்டுரை வெளியிடுவதற்கு முன்னால் விண்ணப்பியுங்கள், பின்னால் அல்ல.

படி 7: பணம் வந்த பிறகு

ஒப்புதல் ஆணை வந்ததும் இனிப்பு வாங்குவதற்கு முன்பு ஆணையை முழுசாகப் படியுங்கள். எந்தத் தலைப்பில் எவ்வளவு, ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாமா, தவணைகள் எதைக் காட்டினால் வரும் என்பதெல்லாம் அதில் இருக்கும். திட்டத்துக்குத் தனி வங்கிக் கணக்கு. அதில் சேரும் வட்டி உங்களுடையது அல்ல, அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். வாங்கும் கருவிகளையும் அனுமதி இல்லாமல் விற்கவோ வேறு இடத்துக்குக் கொண்டுபோகவோ கூடாது.

மார்ச் 31 என்ற தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள். அந்த நிதியாண்டின் செலவுக்கு அரசின் பொது நிதி விதிகளில் உள்ள ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். அது போகாமல் அடுத்த தவணை வராது. கல்லூரி என்றால் கணக்குப் பிரிவில் இருப்பவரை முதல் மாதமே பார்த்து, "சார், இது என்ன திட்டம் என்றால்…" என்று உட்கார்ந்து விளக்கிவிடுங்கள். ஏப்ரலில் பத்துத் திட்டங்களின் சான்றிதழ்கள் அவர் மேசையில் இருக்கும்போது எது மேலே வரும் என்பது அந்தப் பேச்சைப் பொறுத்தது.

கொள்முதல் இன்னொரு தலைவலி. அரசு நிறுவனங்கள் அரசின் இணையச் சந்தையான ஜெம் தளத்தில் வாங்க வேண்டும், ஆனால் 25 சதுர சென்டிமீட்டர் செல் பாகங்களை அங்கே தேடினால் என்னென்னவோ வரும். 2025 ஜூனில் விதிகள் தளர்ந்தன. குறிப்பிட்ட அறிவியல் துறைகளின் கீழ் வரும் நிறுவனங்கள் ஆய்வுப் பொருட்களை விலைப்புள்ளி இல்லாமல் 2 லட்சம் வரை நேரடியாக வாங்கலாம், கொள்முதல் குழு வழியாக 25 லட்சம் வரை போகலாம். உங்கள் நிறுவனத்துக்கு இது பொருந்துமா என்று பதிவாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தவணை தாமதமாகும். ஆய்வு மாணவரின் உதவித்தொகை மூன்று மாதம் நிற்கும்போது அவர் வேறு வேலை தேடத் தொடங்குவார், அவரோடு சேர்ந்து அடுக்கை இறுக்கும் கைப்பக்குவமும் போய்விடும். நிறுவனத்தின் சொந்த நிதியிலிருந்து முன்பணம் தரும் ஏற்பாட்டைத் தொடக்கத்திலேயே கேட்டு வையுங்கள்.

படி 8: மாதிரி ஓடுகிறது, அடுத்து?

டி.ஆர்.எல். 4-க்கு மேலே மானியம் சுருங்கி, கடன் தலைகாட்டும். 1996-இல் அமைந்த தொழில்நுட்ப மேம்பாட்டு வாரியம் திட்டச் செலவில் பாதி வரை 5 சதவீத எளிய வட்டியில் தரும். 2025 ஜூலையில் அமைச்சரவை ஒப்புதல் பெற்ற ஒரு லட்சம் கோடி ரூபாய் ஆய்வு, மேம்பாடு, புத்தாக்க நிதி, 4 அல்லது அதற்கு மேற்பட்ட தயார்நிலையில் இருப்பவர்களுக்கு வட்டி குறைந்த நீண்டகாலக் கடனாகவும் முதலீடாகவும் போவது. அரசு நேரடியாக உங்களுக்குத் தராது, இடையில் நிதி மேலாளர்கள் இருப்பார்கள். ஆய்வகத்துக்காரர்களுக்கு இவர்களோடு பேசிப் பழக்கம் இருக்காது. மைக்ரோவோல்ட் கணக்கை அவர்கள் கேட்க மாட்டார்கள், ஒரு கிலோவாட் என்ன விலைக்கு விற்கும் என்று கேட்பார்கள்.

முன்னோடித் திட்டங்களில் சேர்வது இன்னொரு வழி. 2025 மார்ச்சில் எம்.என்.ஆர்.இ. ஐந்து திட்டங்களுக்கு ஒப்புதல் தந்தது: 37 பேருந்துகளும் லாரிகளும், 9 ஹைட்ரஜன் நிரப்பும் நிலையங்கள், சுமார் 208 கோடி ரூபாய் உதவி. அந்த 37-இல் ஃப்யூயல் செல் வண்டிகள் 15தான். மற்ற 22 ஹைட்ரஜனை எஞ்சினில் எரித்து ஓடுபவை. லாரி செய்கிறவருக்குப் பழகிய எஞ்சினை மாற்றி அமைப்பது எளிது, அதனால் ஹைட்ரஜன் வந்தாலே ஃப்யூயல் செல்லும் கூடவே வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம்.

என் கணிப்பில், சிறு குழு காரைத் துரத்துவதில் அர்த்தம் இல்லை. ஒரே இடத்தில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு, தெரிந்த பாதையில் போய் வரும் பொருட்களைப் பாருங்கள்: படகு, துறைமுக வண்டி, கிடங்கில் ஓடும் ஃபோர்க்லிஃப்ட், டெலிபோன் கோபுரத்தின் டீசல் ஜெனரேட்டருக்கு மாற்று. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம் பசுமை ஹைட்ரஜன் மையமாக அறிவிக்கப்பட்டு, அங்கே மணிக்கு 10 கன மீட்டர் தரும் சிறு ஆலையும் வந்துவிட்டது. நாம் போட்ட கணக்கின்படி அது 15 கிலோவாட் அடுக்கு ஒன்றுக்கு இடைவிடாமல் சாப்பாடு போடும். விண்வெளியும் உண்டு. 2024 ஜனவரி 1 அன்று பி.எஸ்.எல்.வி. சி-58-இல் இஸ்ரோ அனுப்பிய 100 வாட் வகை ஃப்யூயல் செல், சுற்றுப்பாதையில் 180 வாட் தந்தது. கடற்படைக்காக டி.ஆர்.டி.ஓ. பாஸ்பாரிக் அமில ஃப்யூயல் செல்லைப் பல ஆண்டுகளாக வளர்த்துவருகிறது. இந்த இடங்களில் ஒரு பாகத்தை மட்டும் செய்து தருபவராகவும் நுழையலாம்: தகடு, சீல், ஈரமூட்டி, கட்டுப்பாட்டுப் பலகை. முழு அடுக்கையும் நானே செய்வேன் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை.

திட்டம் முடியும்போது செய்ய வேண்டியவை மூன்று. செலவாகாத பணத்தை வட்டியோடு திருப்பிக் கட்டி ரசீது வாங்குவது, இறுதிப் பயன்பாட்டுச் சான்றிதழ், கருவிகளை உங்கள் நிறுவனத்திலேயே வைத்துக்கொள்ள எழுத்தில் அனுமதி. மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். இரண்டு ஆண்டு கழித்து அடுத்த திட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது, "சோதனை நிலையம் ஏற்கெனவே எங்களிடம் இருக்கிறது" என்று எழுத அந்த ஒரு கடிதம்தான் வேண்டும்.